லாரல்–ஹார்டி: தடைக்கால மாலைகளில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வலை பின்னுவதும் இன்ஜின் பார்ப்பதும் முடிந்தால் சாயங்காலம் சும்மாதான். அந்த நாட்களில் மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் பக்கத்து ஊர்களில் நாலு பேர் சேர்ந்து ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டரில் பழைய சிரிப்புப் படம் போடுகிறோம். எதைப் போட்டாலும் கடைசியில் 'அந்தக் குண்டனையும் ஒல்லியையும் போடுங்க' என்றுதான் குரல் வருகிறது, அதாவது ஹாலிவுட்டின் பழைய சிரிப்பு ஜோடி லாரல்–ஹார்டியை. படம் முடிந்தபின் வரும் கேள்விகளும் ஊருக்கு ஊர் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறோம்.

லாரல் யார், ஹார்டி யார்?

ஒல்லி ஸ்டான் லாரல். குண்டு ஆலிவர் ஹார்டி, படத்தில் ஆலி. பெரும்பாலான படங்களில் சொந்தப் பெயரிலேயே வருவார்கள், அதனால் குழப்பம் இல்லை. லாரலைக் குள்ளம் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் 5 அடி 8 அங்குலம். பக்கத்தில் நிற்பவர் ஆறடிக்கு மேல், அவ்வளவுதான்.

எந்த ஊர்க்காரர்கள்? அண்ணன் தம்பியா?

ஒரே நாட்டுக்காரர்கள்கூட இல்லை.

லாரல் இங்கிலாந்துக்காரர். 1890 ஜூன் 16 அன்று அல்வர்ஸ்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். இயற்பெயர் ஆர்தர் ஸ்டான்லி ஜெபர்சன். அப்பா நாடகக் கொட்டகைகளை நடத்தியவர், அம்மா நடிகை. பதினாறு வயதில் கிளாஸ்கோ நகரில் மேடையேறி, பிறகு பிரெட் கார்னோ என்பவரின் நகைச்சுவை நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே சார்லி சாப்ளினுக்கு உடம்பு முடியாமல் போனால் அந்த வேஷத்தைக் கட்ட வேண்டிய மாற்று நடிகர் இவர்தான். 1910இல் இருவரும் ஒரே கப்பலில் அமெரிக்கா போனார்கள். சாப்ளின் சில ஆண்டுகளிலேயே உலகத்துக்கே தெரிந்த முகமாகிவிட்டார். லாரலோ பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சின்ன மேடைகளில் ஆடிக்கொண்டிருந்தார்.

ஹார்டி அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் ஹார்லெம் என்ற ஊரில் 1892 ஜனவரி 18 அன்று பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் நார்வெல். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா ஆலிவர் இறந்துபோனார். பிற்பாடு அப்பாவின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அம்மா மில்லெட்ஜ்வில் என்ற ஊரில் ஹோட்டல் நடத்தினார். 1910இல் அங்கே சினிமா கொட்டகை வந்ததும் பையன் அதில் வேலைக்குச் சேர்ந்தான். படம் ஓட்டுவது, டிக்கெட் கிழிப்பது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் அவன்தான். திரையில் வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, 'இதை நாமும் செய்யலாமே' என்று தோன்றிவிட்டது. புளோரிடாவுக்குப் போய் முதல் படத்தில் நடித்தது 1914இல். நம் பாம்பன் ரயில் பாலம் திறந்த அதே ஆண்டு.

எப்படி ஜோடி சேர்ந்தார்கள்?

திட்டம் போட்டுச் சேரவில்லை. 1921இல் வெளிவந்த 'தி லக்கி டாக்' என்ற குறும்படத்தில் லாரல் நாயகன், ஹார்டி துப்பாக்கி காட்டி மிரட்டும் திருடன். படம் முடிந்தது, அவரவர் வழியில் போய்விட்டார்கள்.

அப்புறம் இருவரும் ஹால் ரோச் என்ற தயாரிப்பாளரின் ஸ்டுடியோவுக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள். லாரல் வந்தது எழுதவும் இயக்கவும். நடிப்பைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார் என்றே சொல்லலாம். 1926இல் ஒரு நாள் ஹார்டி வீட்டில் ஆட்டுத்தொடை சமைக்கும்போது கொதிக்கிற கொழுப்பு கையில் கொட்டிவிட்டது. அவர் நடிக்க வேண்டிய வேஷத்துக்கு ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் லாரல் மறுபடி முகத்தில் பவுடர் பூசினார். ஹார்டியின் கை வேகாமல் இருந்திருந்தால் லாரல் கேமராவுக்குப் பின்னாலேயே இருந்திருப்பார்.

அடுத்த ஆண்டு ஒரே படத்தில் இருவரும் தலைகாட்டத் தொடங்கினார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் நின்றாலே கொட்டகை சிரிப்பதை ஸ்டுடியோவில் லியோ மெக்கரி என்பவர் கவனித்தார். 1927 முடிவதற்குள் ஜோடி உறுதியாகிவிட்டது. ஹார்டிக்கு அப்போது 35 வயது, லாரலுக்கு 37. பதினைந்து வருடம் தனித்தனியாக அடிபட்டுப் பழகிய கைகள். அதனால்தான் முதல் வருடத்துப் படங்களிலேயே தடுமாற்றம் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒருத்தன் டையை வெட்டுறான், இன்னொருத்தன் சும்மா பார்த்துக்கிட்டு நிற்கிறான். ஏன் உடனே திருப்பி அடிக்கலை?

இதைக் கேட்டது தேவிபட்டினத்தில் ஆறாம் வகுப்புப் பையன். நாங்கள் கேட்டதிலேயே நல்ல கேள்வி இதுதான்.

'பிக் பிசினஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம், 1929. நல்ல வெயிலில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் மரம் விற்கப் போகிறார்கள். ஒரு வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். மரத்தின் கிளை கதவில் மாட்டிக்கொள்கிறது. மறுபடி மணி அடிக்கிறார்கள். அவர் மரத்தை வெட்டுகிறார். இவர்கள் கதவின் எண் பலகையைப் பெயர்க்கிறார்கள். அவர் வெளியே வந்து இவர்களுடைய காரில் ஒரு விளக்கைப் பிடுங்குகிறார். இப்படியே போய், கடைசியில் அவர் காரை அக்கக்காகப் பிரித்துவிடுகிறார், இவர்கள் அவர் வீட்டைத் தரைமட்டமாக்குகிறார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டே இருக்கிறார்.

இதில் யாரும் யாரையும் தடுப்பதில்லை. ஒருவர் உடைக்கும்போது மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார். உடைத்து முடித்ததும், சரி, இப்போது என் முறை. கோபம் இருக்கிறது, ஆனால் அவசரம் இல்லை. அந்தக் காலத்து மற்ற மௌனப் படங்களில் ஒரு நிமிஷத்துக்குப் பத்து பேர் விழுவார்கள், ஓடுவார்கள். மெக்கரியும் லாரலும் அந்த வேகத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். அடி விழப்போகிறது என்று நமக்கு முன்பே தெரியும். வாங்கப்போகிறவருக்கும் தெரியும். காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் சிரிப்பு ஊறுகிறது.

இதே காரணத்துக்காகத்தான் ஹார்டி அடிக்கடி நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். தலையில் வாளி விழும், உடனே கத்த மாட்டார். கேமராவை நேராகப் பார்த்து, 'பார்த்தீர்களா, நான் யாரோடு குப்பை கொட்டுகிறேன் என்று' என்பதுபோல ஒரு பார்வை. படத்தை வெளியிடும் முன் ஏதாவது ஒரு கொட்டகையில் போட்டுப் பார்ப்பார்கள். ஜனங்கள் எங்கே, எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கவனித்து, பிறகு மறுபடி வெட்டி ஒட்டுவார்கள். சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வசனம் அமுங்கிப்போகும் இடத்தில் ஹார்டியின் பார்வை நீளும். அந்தப் பார்வைக் காட்சிகளை லாரல் வேண்டுமென்றே நாளின் கடைசியில் எடுப்பாராம். ஹார்டிக்கு கோல்ஃப் ஆடப் போக நேரமாகிவிட்டிருக்கும், முகத்தில் உண்மையான எரிச்சல் இருக்கும். இது லாரலே சொன்ன கதை.

மீன் விக்கிற படம் ஒண்ணு போட்டீங்களே, அது பேர் என்ன? அதில் செய்கிற வேலையெல்லாம் சரியா?

'டோட் இன் எ ஹோல்', 1932 டிசம்பர் கடைசியில் வந்தது. எங்கள் பக்கத்தில் இதைவிட அதிகம் சிரித்த படம் வேறு கிடையாது.

பழைய கார் ஒன்றில் மீன் வைத்துத் தெருத் தெருவாக விற்கிறார்கள். ஆலி பாடிக் கூவுகிறார், ஸ்டான் ஹாரன் ஊதுகிறார். ஸ்டானுக்கு ஒரு யோசனை வருகிறது. மீனை நாமே பிடித்தால் வாங்குகிற காசு மிச்சம், விற்றதெல்லாம் லாபம். ஆலி அசந்துபோய் 'இன்னொரு தடவை சொல்லு' என்கிறார். இரண்டாவது தடவை ஸ்டான் சொல்வதில் மீன் யாரைப் பிடிக்கிறது என்றே விளங்காது. இந்த இடத்தில் பாம்பனில் சிரிப்பு அடங்கவே இல்லை. கரையில் ஏலம், தரகு, முன்பணம் என்று காலம் தள்ளுகிற ஒவ்வொருவரும் ஒருநாளாவது போட்ட கணக்கு அது. 'கேட்டா சரியாத்தான் இருக்கு' என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தமாகச் சொன்னார்.

அப்புறம் பழைய சாமான் கடையில் ஓட்டைப் படகு வாங்குகிறார்கள். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கப் படகுக்குள் தண்ணீரை நிரப்புகிறார்கள். இளவட்டங்கள் இதற்குச் சிரித்தார்கள். மரப்படகு ஓட்டிய பெரியவர்கள் சிரிக்கவில்லை. கரையில் ரொம்ப நாள் கிடந்த பலகை காய்ந்து இடைவெளி விடும், தண்ணீர் ஊறினால் பலகை உப்பி இடைவெளி தானாகவே குறையும், எங்கே கலப்பத்து அடிக்க வேண்டும், அதாவது எந்த இடுக்கை அடைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும் என்றார்கள். பைபர் படகு வந்தபின் பிறந்தவர்களுக்கு இது புதுச் செய்தி. ஆக ஆலியின் யோசனை அவ்வளவு மோசமில்லை, செய்த விதம்தான் மோசம்.

பிறகு ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவது, அதுவும் முறை வைத்து. தொல்லை தாங்காமல் ஸ்டானை உள்ளே உட்கார வைத்தால் தலையைப் பாய்மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். வெளியே வர பாய்மரத்தை ரம்பத்தால் அறுக்கிறார். மேலே அதே மரத்தில் சாய்ந்து ஆலி பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் எல்லாம் முடிந்து படகைக் காரில் கட்டி இழுத்தால் நகரவில்லை. பாயை விரித்தால் காற்று தள்ளிக்கொடுக்குமே என்கிறார் ஸ்டான். விரிக்கிறார்கள். கச்சான் காற்றில் பாய் விரித்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். காரும் படகும் நொறுங்கிக் கிடக்கும்போது ஹாரன் மட்டும் உடையவில்லை என்று கண்டுபிடித்து ஸ்டான் சந்தோஷமாக ஊதுகிறார்.

இன்னொரு செய்தி. லாரலுக்கு நிஜமாகவே கடல் மீன்பிடிப்பில் பைத்தியம். ஓய்வு நாட்களில் கலிபோர்னியாக் கடலில் தூண்டில் போடப் போய்விடுவார். சொந்தப் படகும் வைத்திருந்தார்.

இரண்டு பேருக்கும் பங்கு எப்படி? சரிபாதியா?

கடற்கரையில் முதலில் வரும் கேள்வியே இதுதான். டீசல், ஐஸ் செலவு கழித்துப் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துப் பழகியவர்களுக்கு இது தெரியாமல் படம் பார்க்க முடியாது.

சரிபாதி இல்லை. ஹால் ரோச் ஸ்டுடியோவில் லாரலின் சம்பளம் ஹார்டியின் சம்பளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம், லாரல் நடித்ததோடு நிற்கவில்லை. எழுத்தாளர்களோடு உட்கார்ந்து கதை கட்டுவார், டைரக்டர் என்று யார் பெயர் போட்டிருந்தாலும் படப்பிடிப்பில் முடிவு அவருடையதாக இருக்கும், ராத்திரி உட்கார்ந்து எடிட்டிங் பார்ப்பார். ஹார்டி காலையில் வந்து, சொன்னதைப் பிசகில்லாமல் செய்துவிட்டு, சாயங்காலம் கோல்ஃப் மைதானத்துக்குப் போவார். படம் பற்றி யாராவது அவரிடம் ஏதாவது கேட்டால் ஸ்டானைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுவார்.

படகில் ஓட்டுகிற டிரைவருக்குப் பங்கு கூட என்பதில் மற்றவர்கள் மனத்தாங்கல் படுவதில்லை. ஹார்டியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். இந்த இடத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இவர்களுடைய கூட்டு முப்பது வருடம் நீடித்தது சமமாகப் பிரித்ததால் இல்லை. யார் எந்த வேலை என்பதில் இருவருக்கும் மனதில் குழப்பம் இருந்ததில்லை, அதனால்தான். லாரலுக்கு வேலை வெறி, ஹார்டிக்கு அந்த வெறி இல்லை. இரண்டு பேருமே லாரலாக இருந்திருந்தால் இரண்டாவது வருடமே பிரிந்திருப்பார்கள்.

உண்மையான சிக்கல் முதலாளியோடு. ரோச் இருவருக்கும் தனித்தனி ஒப்பந்தம் போட்டு, அவை வேறு வேறு தேதியில் முடியும்படி வைத்திருந்தார். ஒருவர் ஒப்பந்தம் முடிந்தாலும் மற்றவர் கட்டுப்பட்டிருப்பார். அதனால் சேர்ந்து நின்று பேரம் பேச முடியாது. லாரலின் ஒப்பந்தம் முடிந்து தகராறானபோது, ஹார்டி மட்டும் 1939இல் வந்த 'ஜெனோபியா' என்ற படத்தில் ஹாரி லாங்டன் என்ற நடிகரோடு நடிக்க வேண்டி வந்தது. ஒரு யானைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் வேஷம். அந்தத் தகராறும் தீர்ந்து மறுபடி சேர்ந்தார்கள்.

பெரிய நஷ்டம் வேறு. படங்கள் ஸ்டுடியோவுக்குச் சொந்தம், இவர்களுக்குச் சம்பளம் மட்டும்தான். 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், ஒரு புதுத் தலைமுறையே பார்த்தது. அந்த ஒளிபரப்பில் இருவருக்கும் ஒரு காசு வரவில்லை.

நிஜ வாழ்க்கையில் நண்பர்களா?

ஆரம்பத்தில் நல்ல சக ஊழியர்கள். வேலை முடிந்தால் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் அதிகம் போனதில்லை. ஹார்டிக்கு கோல்ஃப், குதிரைப் பந்தயம், சமையல். லாரலுக்கு எடிட்டிங் அறையும் தூண்டிலும். நெருக்கம் கூடியது பிற்காலத்தில், சினிமா கைவிட்ட பிறகு, இங்கிலாந்தில் மேடை நிகழ்ச்சிகளுக்காக மாதக்கணக்கில் ஒன்றாகப் பயணம் செய்தபோது.

2018இல் 'ஸ்டான் அண்ட் ஆலி' என்று ஒரு படம் வந்தது. அதில் 'ஜெனோபியா' விஷயத்தை வைத்து இருவரும் பலர் முன்னால் கடுமையாகச் சண்டை போடுவார்கள். நடிப்பு அருமை, ஆனால் அப்படி ஒரு பகை இருவருக்கும் இருந்ததில்லை.

இது கவுண்டமணி–செந்தில் மாதிரிதானே?

செந்தில் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், முதுகுளத்தூர் பக்கத்து இளஞ்செம்பூர். அதனால் இந்தக் கேள்வி வராத ஊரே இல்லை. வந்தால் கொஞ்சம் பெருமையோடுதான் வரும்.

ஒற்றுமை இருக்கிறது. தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ளும் ஒருவர், அப்பாவியாக எதையோ கேட்டு அவர் உயிரை எடுக்கும் இன்னொருவர். கரகாட்டக்காரன் வாழைப்பழக் காட்சியில் செந்தில் அசையாமல் சொல்கிற பதிலும், மீனைப் பற்றி ஸ்டான் போடுகிற கணக்கும் ஒரே வகை. அதில் தர்க்கம் இருக்கிறது, ஆனால் அது அவர்களுக்கு மட்டுமே விளங்கும் தர்க்கம்.

வித்தியாசமும் பெரியது. கவுண்டமணியின் பலம் வாய். ஊரையும் பெரிய மனிதர்களையும் அவர் விடுவதில்லை. கடைசியில் உதை செந்திலுக்கு. ஹார்டி அப்படி இல்லை. அவர் ஸ்டானை நகர்த்திவிட்டு 'நான் முதலில் போகிறேன்' என்று மரியாதையாக முன்னால் போவார். போனவர்தான் குழியில் விழுவார். ஸ்டானுக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. முட்டாள்களிலேயே பெரிய முட்டாள் தன்னை அறிவாளி என்று நினைப்பவன்தான் என்பதுபோல ஹார்டியே தன் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பாத்திரத்தின் நாசூக்கு. சட்டைக்குக் காசில்லாத ஆள், சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு காலிங் பெல் அழுத்துவார்.

என்.எஸ். கிருஷ்ணன்–மதுரம் ஜோடியோடும் ஒப்பிடுகிறார்கள். அவர்கள் கணவன் மனைவி, பாட்டும் கருத்தும் சேர்ந்த நகைச்சுவை. அது வேறு பாதை. லாரல்–ஹார்டி படத்தில் புத்திமதி தேடினால் கிடைக்காது.

பேசும் படம் வந்ததும் மற்றவர்கள் விழுந்தார்களே, இவர்கள் எப்படித் தப்பித்தார்கள்?

குரல் பொருந்திவிட்டது. லாரலின் இங்கிலாந்துப் பேச்சும் ஹார்டியின் தெற்கத்தி மரியாதைப் பேச்சும் அந்த உடம்புகளிலிருந்து வருவது போலவே இருந்தன. ஹார்டி நன்றாகப் பாடுவார், அதுவும் சேர்ந்துகொண்டது. 1929 மே மாதம் முதல் பேசும் குறும்படம் வந்தது. வசனத்தை அளவோடு வைத்துக்கொண்டார்கள். சில விஷயங்களைக் காட்டாமல் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தார்கள். கதவுக்குப் பின்னால் தடதடவென்று விழும் ஓசை, அப்புறம் ஒரு கணம் அமைதி, அப்புறம் கடைசியாக ஒரு தட்டு உடையும்.

டப்பிங் இன்னும் வராத காலம். அதனால் ஒரே படத்தை ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என்று மறுபடி மறுபடி நடித்தார்கள். அந்த மொழி ஒன்றும் தெரியாது. கேமராவுக்குப் பக்கத்தில் கரும்பலகையில் உச்சரிப்பை எழுதி வைத்து, அதைப் பார்த்துப் பேசினார்கள். இத்தாலியில் அவர்கள் பேச்சின் கோணல் ஜனங்களுக்கு மிகவும் பிடித்துப்போய், பின்னால் டப்பிங் வந்தபோதும் இத்தாலிய நடிகர்கள் அதே கோணல் உச்சரிப்பிலேயே பேசினார்கள்.

டையை ஆட்டுவது, தலையைச் சொறிவது, அழுவது?

டையை ஆட்டுவது ஹார்டியின் வெட்கம். முகத்தில் தண்ணீர் அடித்த ஒரு காட்சியில் என்ன செய்வதென்று தெரியாமல் செய்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. லாரல் ஷூவின் குதிகாலைக் கழற்றிவிட்டு நடந்தார், தட்டைப்பாத நடை அப்படி வந்தது. அழுகை லாரலுக்கே பிடிக்காதாம், ஜனங்கள் விடவில்லை. படங்களின் ஆரம்பத்தில் வரும் குக்கூ இசையை அமைத்தவர் மார்வின் ஹாட்லி.

அந்தப் படங்களில் பொண்டாட்டி எல்லாம் ஏன் பூரிக்கட்டையோடு நிற்கிறாங்க?

மண்டபத்தில் ஒரு அக்கா கேட்டது. நியாயமான குறை. 'சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்' படம், 1933, அவர்களுடைய முழுநீளப் படங்களில் ஆகச் சிறந்தவற்றில் ஒன்று. உடம்புக்காக ஹோனலுலு போவதாக மனைவிகளிடம் பொய் சொல்லிவிட்டு சிகாகோவில் கூத்தடிக்கப் போகிறார்கள். அவர்கள் வருவதாகச் சொன்ன கப்பல் மூழ்கிவிடுகிறது. பொய் சொன்னது ஆண்கள். ஆனாலும் படம் பூராவும் மனைவிகள்தான் பயங்கரமானவர்களாக வருகிறார்கள். அந்தக் காலத்து நகைச்சுவையில் இது சுலபமான வழி, இவர்களும் அந்த வழியில்தான் போனார்கள்.

நிஜத்தில் லாரலின் மணவாழ்க்கை பெரும் கொந்தளிப்பு. வர்ஜீனியா ரூத் என்பவரை மணந்து, விவாகரத்து செய்து, நடுவில் வேறொருவரை மணந்து, மறுபடி ரூத்தையே மணந்தார், மறுபடி பிரிந்தார். 1946இல் மணந்த ஐடாவோடுதான் கடைசிவரை வாழ்ந்தார். ஹார்டிக்கு மூன்று திருமணம். மூன்றாவது மனைவி லூசில், 'தி ஃப்ளையிங் டியூசஸ்' படப்பிடிப்பில் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர். அது நல்லபடியாக நிலைத்தது.

பியானோவைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற படிக்கட்டு செட்டா?

நிஜப் படிக்கட்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சில்வர் லேக் பகுதியில் இன்றும் இருக்கிறது, 130 படிக்கு மேல். படம் 'தி மியூசிக் பாக்ஸ்', 1932. நகைச்சுவைக் குறும்படத்துக்கு முதன்முதலாக ஆஸ்கர் கொடுத்தபோது வாங்கியது இதுதான். மேலே கொண்டுபோன பிறகு ஒரு தபால்காரர் 'பக்கத்தில் வண்டிப் பாதை இருக்கே' என்பார். உடனே பியானோவை மறுபடி கீழே இறக்கி, வண்டியில் ஏற்றிப் பாதை வழியாகக் கொண்டுபோவார்கள். பாம்பனில் ஐஸ் பெட்டி தூக்குகிற தம்பிகள் இந்த இடத்தில் எழுந்து நின்று திட்டினார்கள்.

அப்புறம் ஏன் படங்கள் மோசமாகிவிட்டன?

1940இல் ரோச்சை விட்டு வெளியே வந்தார்கள். பெரிய ஸ்டுடியோக்களில் 1941 முதல் 1945 வரை எட்டுப் படங்கள். அங்கே லாரலுக்குக் கதையிலும் எடிட்டிங்கிலும் சொல் செல்லவில்லை. எழுதிக் கொடுத்ததை நடி என்றார்கள். வித்தியாசம் திரையில் தெரிகிறது.

கடைசிப் படம் பிரான்சில் எடுத்து 1951இல் வெளிவந்த 'அடால் கே'. மூன்று மாதத்தில் முடிக்க நினைத்தது கிட்டத்தட்ட ஒரு வருடம் இழுத்தது. லாரல் நோயில் எலும்பும் தோலுமாக இருக்கிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். புயலில் கடலுக்கடியிலிருந்து ஒரு பவளத் தீவு எழும்பி வருகிற கதை. நம் மன்னார் வளைகுடாவில் நடந்தது தலைகீழ். பவளப்பாறையை வெட்டி வெட்டி, 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன.

துறைமுகத்தில் கப்பலெல்லாம் ஊதி வரவேற்ற கதை உண்மையா?

உண்மை. 1953 செப்டம்பரில் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்துக்காகக் கப்பலில் வந்தார்கள். வழியில் அயர்லாந்தின் கோவ் துறைமுகம். படமில்லாமல் வருடங்கள் ஆகிவிட்டன, தங்களை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்ற நினைப்பு. கரையில் பெருங்கூட்டம், துறைமுகத்துப் படகுகள் எல்லாம் சங்கு ஊதுகின்றன. ஊர் மேட்டில் இருக்கும் பெரிய தேவாலயத்தின் மணிகள் அவர்களுடைய குக்கூ இசையை அடிக்கத் தொடங்கின. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து அழுதுவிட்டோம் என்று லாரல் பின்னாளில் சொன்னார்.

அந்தப் பயணம் அடுத்த ஆண்டு மே மாதம் பிளிமத் நகரில் ஹார்டிக்கு மாரடைப்பு வந்ததோடு நின்றது.

கடைசிக் காலம் எப்படி?

1955இல் தொலைக்காட்சிக்காகப் புதுப் படங்கள் எடுக்கத் திட்டம் போட்டார்கள். லாரலுக்குப் பக்கவாதம் வந்தது. அவர் கொஞ்சம் தேறுவதற்குள், 1956 செப்டம்பரில் ஹார்டிக்கு அதைவிடக் கடுமையாக வந்து பேச்சே போய்விட்டது. 1957 ஆகஸ்ட் 7 அன்று ஹார்டி இறந்தார். டாக்டர்கள் அனுமதிக்காததால் லாரல் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. ஹார்டிக்குப் புரியும் என்றார். அதற்குப் பிறகு நடிக்கக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் முடியாது என்றே சொன்னார். ஆனால் ஹார்டிக்கும் தனக்குமாக நகைச்சுவைக் காட்சிகள் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.

சாண்டா மோனிகாவில் கடலைப் பார்த்த ஒரு சின்ன அடுக்குமாடி வீடு. டெலிபோன் டைரக்டரியில் அவர் நம்பர் எல்லோருக்கும் கிடைக்கும்படி இருந்தது. யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம், பலர் நேரில் போயும் பார்த்தார்கள். வந்த கடிதங்களுக்கு டைப் அடித்துப் பதில் போடுவதே அன்றாட வேலை. 1961இல் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள், உடல்நிலையால் போய் வாங்க முடியவில்லை. 1965 பிப்ரவரி 23 அன்று மாரடைப்பில் இறந்தார். தனுஷ்கோடிப் புயலுக்கு இரண்டு மாதம் கழித்து என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குச் சட்டென்று புரிகிறது.

எங்கள் ஊரிலும் போட ஆசை. எதில் தொடங்கலாம்? உரிமைக்குக் காசு கட்ட வேண்டுமா?

இந்தியச் சட்டப்படி திரைப்படக் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. இவர்களுடைய கடைசிப் படத்துக்கே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. புதிதாக இசை சேர்த்த பிரதிகளுக்கு மட்டும் தனி உரிமை இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் அதிகம் என்றால் 'பிக் பிசினஸ்', அப்புறம் கட்டி முடியாத மாடிக்கட்டடத்தின் உச்சியில் பேன்ட் மாற்றத் தவிக்கும் 'லிபர்ட்டி'. இரண்டும் மௌனப் படங்கள், மொழித் தொல்லை இல்லை. பெரியவர்களுக்கு மீன் படமும் பியானோ படமும். முழுநீளப் படம் வேண்டுமென்றால் 'வே அவுட் வெஸ்ட்', 1937. அதில் சாராயக் கடை வாசலில் இருவரும் ஆடும் ஆட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் எப்போதும் ஒன்ஸ்மோர்தான். 'பார்டன் அஸ்' போடுவதானால் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களோடு ஒளிந்துகொள்ளும் பகுதி இருக்கிறது, பிள்ளைகளுக்கு முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லிவிடுங்கள். கலர் பூசிய பிரதிகளை வாங்க வேண்டாம், ஹார்டியின் முகத்தில் ரோஸ் பவுடர் அப்பியதுபோல இருக்கிறது. வேட்டியைக் காற்றுக்கு எதிராகக் கட்டாமல், காற்று வாக்கில் நான்கு மூலையும் இழுத்துக் கட்டுங்கள்.